கவுண்ட் நார்மல் ஆனாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"ரத்த அணுக்களின் கவுண்ட் நார்மல் ஆகிவிட்டதே டாக்டர், இன்னும் எதற்கு மாத்திரை?" சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்படிக் கேட்டால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

இந்த நோயில் 9, 22ஆம் குரோமோசோம்களின் நுனிகள் ஒடிந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப் பிறக்கும் கோளாறான மரபணு உருவாக்கும் புரதம், வெள்ளை அணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப், அந்தப் புரதத்தின் குழியில் போய் உட்கார்ந்து அதை முடக்குகிறது. 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் இந்த மருந்துக்கான காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்ததால் உள்நாட்டு மாத்திரைகள் குறைந்த விலையில் தொடர்ந்து கிடைக்கின்றன. ஏழைகளுக்கு இது பெரிய கொடை.

பென்னாகரம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார். மாதம் முடிந்திருந்தது, பாதி மாத்திரைகள்கூடக் காலியாகவில்லை. வேலைக்குப் போகும்போது அட்டையை வீட்டிலேயே விட்டுவிடுவாராம். கவுண்ட் சரியாகத்தான் இருந்தது. ஆனால், கோளாறான மரபணுவின் அளவு ஏறத் தொடங்கியிருந்தது.

கவுண்ட் சரியான பிறகும் நோயணுக்கள் ஒளிந்திருக்கும். மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கினால் அவை மீண்டும் பெருகும். பெருகப் பெருக, அந்தக் குழியின் வடிவம் மாறிய அணு தோன்றவும் வாய்ப்பு கூடும். புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஐசோலூசின் வந்துவிட்டால் இமாட்டினிப் மட்டுமல்ல, அதே வகை மருந்துகளான டாசாட்டினிப், நிலோட்டினிப்கூட வேலை செய்யாது. பொனாட்டினிப் போன்ற வேறு மருந்தைத்தான் தேட வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு; அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிட்டினிப் மருந்திலும் இப்படிக் குழி மாறி மருந்து தோற்பதுண்டு.

சிலர் பல ஆண்டுகளுக்குப் பிறகு மருந்தை நிறுத்திப் பார்க்க முடியும். அது மரபணுப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு.

சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் மாத்திரையை விழுங்குங்கள். குமட்டலோ கண் வீக்கமோ இருந்தால் சொல்லுங்கள், வழி இருக்கிறது. காசநோய்க்கு மருந்து தொடங்கினால் கட்டாயம் தெரிவியுங்கள்; அதில் உள்ள ரிஃபாம்பிசின் இமாட்டினிப்பின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மரபணு அளவைப் பாருங்கள். வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் சம்பளப் பையிலேயே அட்டையையும் வையுங்கள்.