புரோட்டோகால் என்றால் நெறிமுறை, தளம் இல்லை

‘பரவலாக்கப்பட்ட தளம்’. இந்தத் தொடரை இந்த மாதம் மட்டும் நாலைந்து இடங்களில் படித்துவிட்டேன். கடைசியாகப் பார்த்தது, நண்பர் ஒருவர் மொழிபெயர்த்து, பிழை பார்க்கச் சொல்லி அனுப்பிய கட்டுரையில். இணையத்தின் எதிர்காலம் பற்றியது. அதில் ஒரு வரி: “மையப்படுத்தப்பட்ட தளங்களிலிருந்து பரவலாக்கப்பட்ட தளங்களுக்கு நாம் நகர வேண்டும்.” மூலத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் இடத்தில் பிளாட்ஃபார்ம், அதாவது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. இரண்டாவது இடத்தில் புரோட்டோகால், அதாவது கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை. அந்த இரண்டும் எப்படி வேறு என்பதுதான் கட்டுரையின் பொருளே. தமிழில் இரண்டும் தளமாகிவிட்டன. படிப்பவருக்கு என்ன தோன்றும்? ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போகச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் புரோட்டோஸ் என்றால் முதல், கொல்லா என்றால் பசை. பாப்பிரஸ் சுருளின் தொடக்கத்தில் ஒட்டிய முதல் தாள்தான் புரோட்டோகொல்லோன். அந்தச் சுருள் எப்போது, யார் பொறுப்பில் செய்யப்பட்டது என்பது போன்ற விவரங்கள் அதில் இருக்கும். லத்தீனுக்குப் போனபோது ஆவணத்தின் மூலப்படி என்றானது. பிரெஞ்சு வழியாக நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கையின் வரைவு, பிறகு தூதர்கள் கடைப்பிடிக்கும் சம்பிரதாயம் என்று விரிந்தது. கணினி வலையமைப்புக்கு இந்தச் சொல் 1960-களில் வந்தது. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்கேன்டில்பரியும் பார்ட்லெட்டும் 1967-ல் எழுதிய குறிப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. தனித்தனி வலைகளை இணைக்கும் வழியைப் பற்றி 1974-ல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலும் இருக்கிறது. பசை என்ற பழைய பொருளை நான் மறக்க விரும்பவில்லை. தனித்தனி வலைகளை ஒட்டவைக்கும் வேலையைத்தானே அது இன்றும் செய்கிறது.

தமிழில் இதற்கு நெறிமுறை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, புழக்கத்திலும் இருக்கிறது. வரைமுறை, விதிமுறை என்றும் சிலர் எழுதுகிறார்கள். நான் நெறிமுறை பக்கம்தான் நிற்பேன். ஏன் என்று சொல்வதற்கு ஒரு புரோட்டோகாலைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். ஓர் அஞ்சல் சர்வர், அதாவது கடிதங்களை அனுப்பிப் பெறும் கணினி, இன்னொரு சர்வரின் 25-ஆம் போர்ட்டைத் தட்டுகிறது. போர்ட் என்பது எண்ணிட்ட ஒரு வாசல் போல. அந்தப் பக்கம் ‘220’ என்கிறது. தயாராக இருக்கிறேன் என்று பொருள். தட்டியவர் ‘ஹெலோ’ என்று சொல்லித் தன் பெயரைச் சொல்கிறார். பதில் ‘250’, அதாவது சரி. அனுப்புபவர் முகவரி இது. சரி. பெறுபவர் முகவரி இது. சரி. அப்புறம் ‘டேட்டா’ என்றால் ‘354’ என்று பதில் வருகிறது: சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். கடிதம் வரிவரியாகப் போகிறது. ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் தனியாக வந்தால் கடிதம் முடிந்தது. மறுபடியும் ‘250’. அவ்வளவுதான். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட ஆவணத்தில் இந்த உரையாடல் இருக்கிறது. பின்னால் குறியாக்கம், அடையாளச் சோதனை என்று எவ்வளவோ சேர்ந்தாலும், எலும்புக்கூடு இன்றும் இதுதான்.

இந்த உரையாடலில் யாருடைய இடமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். யார் எதைச் சொன்னால் மற்றவர் எதைச் சொல்ல வேண்டும் என்ற புரிதல் மட்டும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் ஓர் அஞ்சல் சர்வர் எழுதலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மீறினால் தண்டிக்கவும் ஆளில்லை. புள்ளி வைக்க மறந்தால் எதிர்ப்பக்கம் காத்துக்கொண்டே இருக்கும், கடிதம் போகாது, அவ்வளவுதான். இதை விதி என்று சொல்லலாமா? விதி என்றால் விதித்தவர் ஒருவர் வேண்டும். நெறி என்பது வழி. பலர் நடந்து பதிந்த தடம். அதில் நடந்தால் மற்றவர்களைச் சந்திக்கலாம். இணைய நெறிமுறைகளை எழுதும் ஆவணத் தொடருக்கே 1969-ல் முதல் குறிப்பு வந்த நாளிலிருந்து ‘கருத்து கூற வேண்டுகோள்’ என்ற பொருளில்தான் பெயர். அதைப் போய் விதிமுறை என்று எழுதுவது, வேண்டுகோளை ஆணை ஆக்குவது.

நெறிமுறை என்ற சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒழுக்கக் கோட்பாட்டுக்கும் அதே சொல்லைப் போடுகிறார்கள். ‘செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகள்’ என்று தலைப்பு பார்த்தால் உள்ளே அறம் பேசுகிறார்களா, தரவுப் பரிமாற்றம் பேசுகிறார்களா என்று தெரிவதில்லை. அதற்கு அறநெறி என்று நல்ல சொல் இருக்கிறது. அதை அங்கே வைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

சரி, தளத்துக்கு வருவோம். எனக்கு உண்மையான ஆத்திரம் இங்கேதான். இணையதளம் என்றால் வெப்சைட். இயங்குதளம் என்றால் ஆப்பரேட்டிங் சிஸ்டம். தரவுத்தளம் என்றால் டேட்டாபேஸ். சமூக வலைத்தளம் என்றால் சோஷியல் மீடியா. வடிவியலில் தளம் என்றால் தட்டையான பரப்பு. கட்டடத்தில் தரைத்தளம், ராணுவத்தில் படைத்தளம். இத்தனை சுமையும் ஏற்கெனவே அதன் தலையில் இருக்கும்போது பிளாட்ஃபார்மையும் ஏற்றினார்கள். இப்போது புரோட்டோகாலையும் ஏற்றுகிறார்கள். ‘அந்தத் தளம் தன் தரவுத்தளத்தை வேறு இயங்குதளத்துக்கு மாற்றியதால் இணையதளம் இரண்டு மணி நேரம் இயங்கவில்லை’ என்று இலக்கணப் பிழையில்லாமல் எழுத முடிகிறது. படித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

பிளாட்ஃபார்முக்கு மேடை என்று எழுத வேண்டும் என்பது என் கருத்து. அந்தச் சொல்லே பிரெஞ்சில் தட்டையான வடிவம் என்ற பொருளில் பிறந்தது. ரயில் நிலையத்தில் அதை நடைமேடை என்று நாம் எப்போதோ சொல்லத் தொடங்கிவிட்டோம், யாருக்கும் உறுத்தவில்லை. மேடையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. மேடை என்றால் அதை ஒருவர் போட்டிருப்பார். ஒலிபெருக்கி அவருடையது, யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது, எப்போது விளக்கை அணைப்பது என்பதெல்லாம் அவர் கையில். பெரிய சமூக ஊடக நிறுவனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி இதுதான். தளம் என்ற சொல் அதை மறைக்கிறது. தானாகவே அங்கே கிடக்கும் நிலம் போல ஒலிக்கிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல் சண்டை இல்லை என்பதற்குக் கூகுளின் அரட்டைச் சேவையாக இருந்த கூகுள் டாக் நல்ல சாட்சி. 2005-ல் அது வந்தபோது எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில் இயங்கியது. அடுத்த ஆண்டு மற்ற சர்வர்களுக்கும் கதவைத் திறந்தது. கூகுள் கணக்கே இல்லாத ஒருவர், தன் சொந்தச் சர்வரில் இருந்தபடி, உள்ளே இருந்த நண்பரோடு பேச முடிந்தது. 2013-ல் அதன் இடத்தில் ஹேங்அவுட்ஸ் வந்தது. சர்வருக்குச் சர்வர் பேசும் வசதி அதில் இல்லை. பயனர் கண்ணுக்கு இரண்டும் அரட்டைப் பெட்டிதான். வெளிச் சர்வரில் இருந்தவர்கள்தான் காணாமல் போனார்கள். நெறிமுறையில் கலந்திருந்த ஒன்று மேடையாக மாறிய கதை இது. தளம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுத முயன்று பாருங்கள்: ‘தளத்தில் கலந்திருந்த ஒன்று தளமாக மாறியது.’

அடுத்து ‘பரவலாக்கப்பட்ட’. ஆங்கிலத்தில் டீசென்ட்ரலைஸ்டு என்பதற்கு இதைப் போடுகிறார்கள். இந்தத் தமிழ்ச் சொல் அரசியலிலிருந்து வந்தது. அதிகாரப் பரவலாக்கம் என்பதை நாம் நன்றாக அறிவோம். மேலே ஓர் அரசு இருக்கிறது, அது தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைக் கீழே இருக்கும் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அந்த இடத்துக்கு அருமையான சொல். அதன் பொருளிலேயே கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். ‘பரவலாக்கப்பட்ட’ என்று செயப்பாட்டு வினையில் எழுதும்போது, யாரோ பரவலாக்கினார்கள் என்று ஆகிறது. நாளைக்கு அவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆகிறது. மின்னஞ்சலை யார் பரவலாக்கினார்கள்? ஒருவரும் இல்லை. முதலிலிருந்தே பல இடங்களில் பல பேர் நடத்தினார்கள்.

இந்தச் சொல் சரியாகப் பொருந்தும் இடம் இணையத்திலும் ஒன்று இருக்கிறது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ். பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அந்த அமைப்பில், உச்சியில் ஒரு வேர் உண்டு. வேர், டாட் ஆர்க் (.org) போன்ற பிரிவுகளின் பொறுப்பை வேறொருவருக்கு ஒப்படைக்கிறது. அவர் தனக்குக் கீழே உள்ள பெயர்களை இன்னொருவருக்கு ஒப்படைக்கிறார். அச்சு அசல் பரவலாக்கம். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. டிஎன்எஸ் ஒரு நெறிமுறை, ஆனால் அதற்கு ஒற்றை உச்சி இருக்கிறது. நெறிமுறை என்றாலே மையம் இருக்காது என்று எண்ணிவிடக் கூடாது. ‘நெறிமுறை’ என்ற பெயர்ச்சொல் ஒன்றைச் சொல்கிறது, ‘பரவலாக்கப்பட்ட’ என்ற அடைமொழி வேறொன்றைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பாமல் வைத்துக்கொள்ள நமக்கு இரண்டு இடத்திலும் துல்லியமான சொல் வேண்டும்.

‘மையமற்ற’ என்று எழுதலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுவும் சம்மதமில்லை. 1964-ல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் பால் பேரன் மூன்று வகை வலையமைப்புகளைப் படமாக வரைந்து காட்டினார். முதல் படத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். இரண்டாவதில் அப்படிப்பட்ட பல புள்ளிகள், ஒன்றோடொன்று இணைந்திருக்கும். மூன்றாவது மீன்வலை போல. எந்தக் கண்ணியும் மற்றதைவிட முக்கியமில்லை. நடுவில் உள்ள இரண்டாவது படத்துக்குத்தான் அவர் டீசென்ட்ரலைஸ்டு என்று பெயர் வைத்தார். அதில் மையங்கள் இருக்கின்றன, பல இருக்கின்றன. மையமற்றது மூன்றாவது படம். நம் மொழிபெயர்ப்புகளில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே ‘பரவலாக்கப்பட்ட’தான்.

அதனால் என் பரிந்துரை: ஒருமைய, பன்மைய, மையமில்லா. பன்முகம், பன்மொழி போலப் பன்மையம். இலக்கணத்தில் வரும் ‘பன்மை’ நினைவுக்கு வருகிறதே என்றார் நண்பர். வரட்டும், பல என்பதுதானே இரண்டிலும் பொருள். மஸ்டடான் என்ற சமூக வலையை இந்தச் சொல்லால் விளக்கிப் பாருங்கள், எளிதாக இருக்கும். 2018-ல், வலைக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் (W3C) பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையைப் பேசும் சர்வர்கள் அதில் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு சர்வரும் தன் பயனர்களுக்கு ஒரு மையம். அதன் நிர்வாகி நினைத்தால் உங்கள் கணக்கை நீக்கலாம். மையமற்றது என்று நம்பிப் போனவர் அன்றைக்கு ஏமாந்துபோவார். பன்மையம் என்று கேட்டுப் போனவர் நல்ல மையமாகப் பார்த்துச் சேர்வார்.

தூய தமிழ் வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. சர்வர், டேட்டா, போர்ட் என்றெல்லாம் மேலே நானே எழுதியிருக்கிறேன். புரோட்டோகால் என்றே தமிழ் எழுத்தில் எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை, அதைப் படிப்பவர் குறைந்தபட்சம் தேடிப் பார்ப்பார். தமிழ்ச் சொல் போலத் தோன்றி, பொருளைத் தவறாகக் காட்டும் சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை. படிப்பவருக்குப் புரியவில்லை என்பதே தெரியாமல் போய்விடுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் தயவுசெய்து சொல்லுக்குச் சொல் தேடுவதற்கு முன்னால், அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பத்து நிமிடம் படியுங்கள். அப்புறம் அந்தப் ‘பட்ட’வைக் கொஞ்சம் குறையுங்கள். மையப்படுத்தப்பட்ட, பரவலாக்கப்பட்ட, வடிவமைக்கப்பட்ட, உருவாக்கப்பட்ட என்று ஒரே பத்தியில் நான்கு வந்தால், யார் செய்தார்கள் என்ற கேள்வியே அந்தப் பத்தியில் இல்லாமல் போகிறது. இணையத்தைப் பற்றிய எழுத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

நண்பரின் வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: “ஒரே நிறுவனம் நடத்தும் மேடைகளை விட்டு, பலரும் நடத்தக்கூடிய பன்மைய நெறிமுறைகளுக்கு நாம் நகர வேண்டும்.” அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். சொற்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அப்போ ஒரு சர்வர் பிடிக்கலைன்னா என் கணக்கைத் தூக்கிட்டு இன்னொண்ணுக்குப் போயிடலாமா?” என்று கேட்டார். மஸ்டடானில் உங்களைப் பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், எழுதிய பதிவுகள் பழைய சர்வரிலேயே இருக்கும் என்றேன். “அது ஏன் அப்படி?” என்றார். அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.