ஆன்டிமைக்ரோபியல்: காற்றுத்தூம்புக்கு அடிக்கும் மருந்து

அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள் பலருக்கு இந்தச் சொல் விலைப்பட்டியலில்தான் அறிமுகமாகிறது. அங்கே பெரும்பாலான வீடுகளில் சூடாக்கவும் குளிர்விக்கவும் அடித்தளத்திலோ பரணிலோ ஒரே எந்திரம் இருக்கும். அதிலிருந்து அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களுக்கு 'டக்ட்' என்று பெயர். அவற்றைச் சுத்தம் செய்ய வருபவர், தூசியை உறிஞ்சி எடுத்த பிறகு, "ஆன்டிமைக்ரோபியல் ட்ரீட்மென்டும் செய்துவிடலாமா?" என்று கேட்பார். அதற்குத் தனிக் கட்டணம். குழந்தை இருக்கிற வீடு, ஆஸ்துமா இருக்கிற வீடு என்றால் பெற்றோர் சட்டென்று சரி சொல்லிவிடுவார்கள். சரி சொல்வதற்கு முன் அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

'ஆன்டி' கிரேக்கத்தில் எதிர். 'மைக்ரோ' சிறியது, 'பயோஸ்' உயிர். கடைசி இரண்டையும் சேர்த்து 'மைக்ரோப்' என்ற சொல்லை 1878இல் முன்வைத்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் சார்ல் இமானுவேல் செதியோ. கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு அப்போது ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக, சுருக்கமாக ஒரு சொல் வேண்டும் என்பது அவர் நோக்கம். பெயரை வெளியிடும் முன் அகராதியாளர் எமில் லித்ரேயிடம் கேட்டு ஒப்புதல் வாங்கினார். ஒரு மருத்துவர் கலைச்சொல் படைக்கும்போது மொழி அறிந்தவரிடம் போய் நின்றது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நம் 'நுண்ணுயிர்' என்பதும் அதே கட்டுமானம்தான்: நுண்மை, உயிர். பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் மூன்றையும் அது அடக்கிக்கொள்கிறது.

சிக்கல் 'ஆன்டி'யில் இருக்கிறது. அது எதிர் என்று மட்டும் சொல்கிறது, கொல்லுமா, வளரவிடாமல் தடுக்குமா என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் கொல்வதற்கு 'சைட்' என்றும் (பூஞ்சையைக் கொன்றால் ஃபங்கிசைட்), வளர்ச்சியை நிறுத்தி வைப்பதற்கு 'ஸ்டாட்டிக்' என்றும் தனி ஈறுகள் உண்டு. தமிழில் இவை கொல்லி, தடுப்பி. ஆன்டிமைக்ரோபியல் இரண்டுக்கும் பொதுப்பெயர் என்பதால் 'நுண்ணுயிர்க்கொல்லி' என்று மொழிபெயர்த்தால் பொருள் குறுகிவிடும். கொல்லாத ஒன்றையும் கொல்லி என்று சொன்னதாகிவிடும்.

'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்று வைக்கலாமே என்றால், அந்தப் பெயர் ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குப் பரவலாக வழங்குகிறது. போதாததற்கு, மருந்துக்குக் கட்டுப்படாமல் கிருமி தாக்குப்பிடிப்பதையும் 'எதிர்ப்பு' என்றே எழுதுகிறோம். 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், நாம் நுண்ணுயிரை எதிர்க்கிறோமா, அது மருந்தை எதிர்க்கிறதா என்று புரியாது. ஆகவே என் பரிந்துரை 'நுண்ணுயிரெதிரி'. கொல்வதும் அதில் அடங்கும், தடுப்பதும் அடங்கும், ஆன்டிபயாட்டிக்கோடும் குழம்பாது.

'கிருமிநாசினி' இருக்கிறதே என்று கேட்பீர்கள். கொரோனா காலத்தில் கையில் தேய்த்த சானிடைசரும் கிருமிநாசினி, தெருவில் தெளித்ததும் கிருமிநாசினி என்றுதான் சொன்னோம். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி சானிடைசர் என்றால் பாக்டீரியாவைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைப்பது. டிஸ்இன்ஃபெக்டன்ட் அதைவிடக் கடுமையானது. ஸ்டெரிலன்ட் என்றால், சில பாக்டீரியாக்கள் தாக்குப்பிடிக்க எடுக்கும் கெட்டியான வித்து வடிவம் வரை எல்லாவற்றையும் அழிப்பது. இந்தப் படிகள் எல்லாம் ஒரே 'நாசினி'யில் கரைந்துவிடுகின்றன. கிருமி என்பதே வடமொழியில் புழு என்ற பொருளுடைய சொல். வைணவ மரபில் இராமானுசரைத் துன்புறுத்தியதாகச் சொல்லப்படும் 'கிருமிகண்ட சோழன்' கழுத்தில் புழு பிடித்தவன் என்ற பொருளில்தான் அந்தப் பெயர் பெற்றான். பேச்சுக்குக் கிருமிநாசினி நல்ல சொல், இருக்கட்டும். கலைச்சொல்லாக அது போதாது.

அடுத்து டக்ட். லத்தீனில் 'டூக்கெரே' என்றால் வழிநடத்துதல், கொண்டுசெல்லுதல். நமக்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் ஒன்று கையிலேயே இருக்கிறது: தூம்பு. உள்ளே துளையுடைய குழல் எதுவும் தூம்புதான். ஏரியிலிருந்து நீரை வெளியே கொண்டுபோகும் மதகு அமைப்பைக் குமிழித்தூம்பு என்கிறோம். மலைபடுகடாத்தில் வரும் 'களிற்றுயிர்த் தூம்பு' யானை மூச்சுவிடுவது போல ஒலிக்கும் ஊதுகருவி. நீருக்கும் தூம்பு, காற்றுக்கும் தூம்பு. டக்டைக் 'காற்றுத்தூம்பு' என்று எழுதலாம். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி என்பதால் தூம்புக்கு வேலை இல்லை. திரையரங்கிலும் பெரிய அலுவலகத்திலும் கூரையை ஒட்டி ஓடும் அந்தப் பெரிய தகரக்குழாய்களைப் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக 'ட்ரீட்மென்ட்'. சிகிச்சை என்று மொழிபெயர்த்தால் வீட்டுக்கு வைத்தியம் பார்ப்பது போல இதமாக இருக்கிறது. அந்த இதத்தில்தான் ஏமாந்துபோகிறோம். நடப்பது தெளிப்பு: பெரும்பாலும் குவாட்டர்னரி அம்மோனியம் போன்ற வேதிப்பொருளைப் பனிப்புகை மாதிரி தூம்புக்குள் செலுத்துகிறார்கள். நம் ஊரில் வயலுக்குச் செய்வதை 'மருந்தடிப்பு' என்கிறோமே, அதுதான் இதற்குச் சரியான சொல். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பூச்சிக்கொல்லிகளுக்கான 1947ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வைரசும்கூட 'பூச்சி' வகையில் சேரும். மனிதர், விலங்குகளின் உடலில் இருப்பவை மட்டும் விலக்கு. அவற்றுக்கான மருந்துகள் உணவு, மருந்து நிர்வாகத்தின் பொறுப்பு. தூம்பில் இருப்பவற்றைக் கொல்வதாகச் சொல்லும் பொருளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண் டப்பாவின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

அந்தப் பதிவெண் மட்டும் போதாது. சமையலறை மேடைக்கோ குளியலறைத் தரைக்கோ பதிவான பொருள் தூம்புக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பரப்பில் பயன்படுத்தலாம் என்று லேபிளில் எழுதியிருக்கும். அதில் சூடாக்கும், குளிர்விக்கும் அமைப்பின் தூம்புகள் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்க வேண்டும். தூம்புக்குள் போவது அறைக்குள் வரும், மூச்சோடு உள்ளே போகும். அதனால் இந்த வேறுபாட்டில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இதில் தூம்பின் உள்பக்கம் எதனால் ஆனது என்பது மிக முக்கியம். வெறும் தகரம் வேறு, கண்ணாடியிழை வேறு. கண்ணாடியிழைப் பலகையால் ஆன தூம்புக்கும் கண்ணாடியிழை உள்ளுறை போட்ட தகரத் தூம்புக்கும் எந்த நுண்ணுயிரெதிரியையும் தான் பதிவு செய்யவில்லை என்று ஈபிஏ தன் வழிகாட்டியில் சொல்கிறது. அந்த உள்ளுறை நனைந்தோ பூஞ்சை பிடித்தோ போனால் மருந்தடித்துச் சரிசெய்ய முடியாது, பிய்த்து மாற்ற வேண்டியதுதான். அதே வழிகாட்டி, தூம்பைச் சுத்தம் செய்வது உடல்நலக் கோளாறுகளைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவே இல்லை என்றும் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. மருந்தடிப்பதாக இருந்தாலும் கண்ணில் படும் தூசியை முழுதாக நீக்கிய பின்புதான் அடிக்க வேண்டும் என்கிறது.

பூஞ்சைக்கு வேண்டியது ஈரம். எந்திரத்தில் காற்றைக் குளிர்விக்கும் சுருள்குழாய்க்கு அடியில் நீர் தேங்கும் தட்டு அடைத்திருந்தாலோ, பரணில் ஓடும் தூம்பின் இணைப்பு விட்டு வியர்த்துக்கொண்டிருந்தாலோ எத்தனை முறை மருந்தடித்தாலும் பூஞ்சை திரும்ப வரும். தட்டை அடைப்பெடுத்து, கசிவை மூடி, வீட்டின் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால் பெரும்பாலும் நுண்ணுயிரெதிரிக்கே தேவை இருக்காது.

தூம்புக்குள் கறுப்பாக இருப்பதைப் படம் பிடித்துக் காட்டி "பூஞ்சை" என்று ஒருவர் சொன்னாலும் உடனே நம்பவேண்டியதில்லை. வெறும் தூசியும் அப்படித்தான் தெரியும். சாதாரண ஒட்டுநாடாவை அதன்மேல் ஒற்றி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் பூஞ்சையா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அதற்குச் சுமார் 50 டாலர் ஆகும் என்று ஈபிஏ குறிப்பிடுகிறது. மருந்தடிப்புக்கு ஒப்புக்கொள்ளும் முன் அந்த முடிவு வரட்டும்; அப்புறம் டப்பாவைக் கேட்டு வாங்கி, லேபிளில் தூம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.