தண்ணீர் பிடிக்காத கல்

"ஆலைக் கழிவுநீரைக் கல்தூள் சுத்தப்படுத்தும் என்கிறார்களே, அழுக்கைக் கல் தின்றுவிடுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தின்னாது. பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூலக்கூறுகள் ஒரு பொருளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது, அதாவது பள்ளியில் படித்த பரப்புக்கவர்தல்தான் இது. ஒட்டுவதற்குப் பரப்பு வேண்டும். நுண்துளைக் கனிமமான சியோலைட்டில் ஒரு கிராமுக்குள்ளேயே பல நூறு சதுர மீட்டர் பரப்பு உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1756இல் சுவீடன் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது நீராவி கக்கி நுரைத்தது. கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும்படி சியோலைட் என்று பெயர் வைத்தார். துளை முழுக்கத் தண்ணீர்! இப்படிப்பட்ட கல்லைக் கழிவுநீரில் போட்டால், நாம் பிடிக்க நினைக்கும் பென்சீன், டொலுவீன் போன்ற கரிம அழுக்குகள் வருவதற்குள் தண்ணீரே இடம்பிடித்து உட்கார்ந்துவிடும்.

காரணம் அலுமினியம். சியோலைட்டின் சட்டகம் சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆனது. +4 சிலிக்கானின் இடத்தில் +3 அலுமினியம் அமரும்போது ஓர் எதிர்மின்சுமை மிஞ்சுகிறது. அதை ஈடுகட்ட சோடியம் போன்ற நேர் அயனி துளைக்குள் வந்து நிற்கும். தண்ணீர் மூலக்கூறுகள் மொய்ப்பது அந்த அயனியைத்தான்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். சூடான நீராவியும் அப்புறம் அமிலமும் கொடுத்து அலுமினியத்தைக் கழற்றிவிடுகிறார்கள். மின்சுமை போனால் அயனிக்கு அங்கே வேலையில்லை. அயனி போனால் தண்ணீருக்குப் பிடிமானமில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று கைகோத்திருப்பவை. அந்தக் கையை விட்டுவிட்டு, பற்றிக்கொள்ள எதுவுமில்லாத வெறும் சிலிக்கா சுவருக்குள் ஏன் நுழைய வேண்டும்? வெளியிலேயே நின்றுவிடுகின்றன. தண்ணீரோடு ஒட்டாத டொலுவீனுக்கோ அந்தத் துளை அளவெடுத்துக் கட்டிய அறை. ஒரே ஒரு தனிமத்தைக் கழற்றியதும் கல்லின் குணமே தலைகீழாகிவிடுவது எனக்கு இன்னும் அலுக்காத அதிசயம்.

வாசல் குறுகல் என்பதும் உண்மை. இசட்எஸ்எம்-5 என்ற சியோலைட் வகையில் துளை அகலம் சுமார் 0.55 நானோமீட்டர், பருமனான சாய மூலக்கூறுகள் நுழையாது. அவற்றுக்குக் களிமண் தேவலை. ஆனால் காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கரைத்து, களிமண் போட்டு, "முழுக்க நீக்கினோம்" என்று எழுதும் ஆய்வுகளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. நேர்மின் சாயம் எதிர்மின் களிமண்ணில் ஒட்டாமல் எங்கே போகும்? உப்பும் எண்ணெயும் கலந்த நிஜக் கழிவுநீரில் செய்து காட்டட்டும்.

பிடித்து வைத்த அழுக்கு என்ன ஆகும்? சியோலைட்டைக் காற்றில் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் கரிமப்பொருள் எரிந்துபோகும், சட்டகம் நிற்கும். இதே வேலைக்குப் பயன்படும் கரித்தூளை அப்படிச் சூடாக்கினால் கரியும் சேர்ந்து எரியும். ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் குழுவில் நான் இருந்தால், பத்தாவது முறை சூடாக்கிய பிறகு இந்தக் கல் எவ்வளவு பிடிக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.