மோதி விழுந்த பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

அக்டோபர் பிறந்தால் பினாங்கில் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு அட்டைப்பெட்டிகள் வரத் தொடங்கிவிடும். இந்த வாரம் வந்த பெட்டியில் பழுப்பு ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவை ஒன்று. தஞ்சோங் தொக்கோங் அடுக்குமாடியில் கண்ணாடியில் மோதி விழுந்திருக்கிறது. அந்த அடியிலிருந்து அது தேறியிருக்கக்கூடும். எடுத்தவர்கள் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். மூச்சு கரகரவென்று வந்தது. அன்று மாலையே இறந்துவிட்டது.

"பாவம், தாகமாக இருக்குமே டாக்டர்!" இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதற்குத் தாகமில்லை, தலையில் அடிபட்டிருக்கிறது. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. தெளிவாக இருக்கும் பறவை விழுங்கும்போது அதை மூடிக்கொள்ளும். மயங்கிக் கிடப்பதால் முடியாது. ஈப்பிடிப்பானின் எடையே 10, 12 கிராம்தான். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் 5 கிராம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். துளித்துளியாகத்தான் விட்டேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

சோறும் பாலும் வேண்டாம். இது பூச்சி தின்னும் பறவை. தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் நின்று பாருங்கள்: மொட்டைக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், சட்டென்று பாய்ந்து பறக்கும் பூச்சியைக் கவ்வும், பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். சைபீரியாவிலும் கொரியாவிலும் ஜப்பானிலும் கூடுகட்டிவிட்டு, குளிர்காலத்துக்காக இரவிரவாகப் பறந்து நம்மிடம் வருகிறது. வந்த இடத்தில் கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரமென்று நம்பிவிடுகிறது.

அப்படியானால் என்ன செய்வது? மூடி உள்ள பெட்டி, காற்றுக்குச் சிறு துளைகள், அடியில் துணி. இருட்டான, சத்தமில்லாத அறை. பூனை வரக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கொரு முறை திறந்து பார்க்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வெளியே மரத்தடியில் மூடியைத் திறங்கள். பறக்கிறதா என்று பார்க்க மேலே எறியாதீர்கள், தயவுசெய்து! இறக்கை தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ மருத்துவரிடம் கொண்டு வாருங்கள், அல்லது வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை அழையுங்கள். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று கூண்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பறவையை அனுமதியின்றி வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அடுக்குமாடி நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடி நடுவில் பருந்துப் படம் ஒன்றை ஒட்டிவிட்டால் போதாது. பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் மோதும். கண்ணாடியின் வெளிப்புறம் முழுக்க, 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள். செப்டம்பருக்கு முன்பே ஒட்டுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு தேவையில்லாத வெளிவிளக்குகளையும் அணைத்துவிடுங்கள்.