ராமசாமி மகன் முருகன் (34)

மாவட்டப் பக்கத்துக் குற்றச் செய்தி எல்லாமே ஒரே வார்ப்புதான். ‘இன்ன ஊர் அருகே உள்ள இன்ன கிராமத்தைச் சேர்ந்த ராமசாமி மகன் முருகன் (34)’ என்று தொடங்கி, ‘போலீஸார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர்’ என்று முடியும். சிங்கிள் காலம் (ஒற்றைப் பத்தி) அகலத்தில் பத்துப் பன்னிரண்டு வரி. டீக்கடையில் பேப்பரை விரிக்கிற அத்தனை பேருக்கும் அந்த முருகனைத் தெரியும். அவருடைய அப்பாவையும், அவருக்குப் பெண் கொடுத்த வீட்டையும் தெரியும். அதனால் உள்ளூர் நிருபரின் வேலையில் பாதி, அந்தப் பெயரைச் சரியாகப் போடுவதும், போடக் கூடாத இடத்தில் போடாமல் விடுவதும்தான்.

இன்று இந்தச் செய்திகளில் பெரும்பாலானவை போலீஸ் வாட்ஸ்அப் குழுவில் வரும் பத்திரிகைக் குறிப்பிலிருந்து வருகின்றன. தூரத்து ஊர்களுக்குப் பார்சல் வண்டி கிளம்ப வேண்டும் என்பதால் முதல் பதிப்பின் பக்கங்கள் சீக்கிரமே முடிந்துவிடும். குறிப்போ அதற்குச் சற்று முன்புதான் வந்து விழும். ஐந்து பத்திரிகை நிருபர்கள் அதை அப்படியே அனுப்பினால், அதிலிருக்கும் பிழையும் ஐந்திலும் வரும். ‘எல்லாப் பேப்பர்லயும் போட்டிருக்கானே’ என்று ஊர் நம்பிவிடும். உண்மையில் ஐந்துக்கும் மூலம் ஒரே குறிப்புதான்.

பிழை எங்கிருந்து வருகிறது? அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பார்த்துத் தமிழில் எழுதும்போது வள்ளியம்மாள் வல்லியம்மாள் ஆகிவிடுவார். இனிஷியல் மாறும். வயது, புகார் கொடுத்தவர் உத்தேசமாகச் சொன்னதாக இருக்கும். ஊர்ப் பெயரிலும் இதே வம்பு உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஆலங்குடி இருக்கிறது, திருவாரூர் மாவட்டத்திலும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு திருப்பத்தூர். 2019-இல் வேலூரைப் பிரித்தபோது திருப்பத்தூர் என்ற பெயரில் ஒரு மாவட்டமே உருவானது. மாவட்டப் பெயர் இல்லாமல் போட்டால் செய்தி வேறு ஊர்க்காரர் தலையில் விழும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, ஒரே கிராமத்தில் இரண்டு ‘ராமசாமி மகன் முருகன்’ இருப்பது. குலசாமிப் பெயர்களைத் தலைமுறைதோறும் வைக்கிற ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். அதனால்தான் தந்தை பெயரோடு நிறுத்தக் கூடாது. காவல் நிலையத்தில் பதிவேடு எழுதும் ஸ்டேஷன் ரைட்டரிடம் குற்ற எண்ணை, அதாவது எஃப்.ஐ.ஆர். எண்ணை, கேட்டு வாங்குங்கள். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். தந்தை பெயர், தெரு, தொழில் மூன்றையும் ஊரில் தெரிந்த இன்னொருவரிடம் சரிபாருங்கள். மூன்றும் பொருந்தவில்லை என்றால் ‘34 வயது தொழிலாளி’ என்று எழுதி அன்றைக்கு விட்டுவிடலாம். பெயர் ஒரு நாள் தாமதமாவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

பெயரே வரக் கூடாத செய்திகளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு, குழந்தையின் பெயரையும் படத்தையும் மட்டும் தடுக்கவில்லை. முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. குழந்தையின் நலனுக்காகச் சிறப்பு நீதிமன்றம் எழுத்துப்பூர்வமாக அனுமதித்தால் மட்டுமே விலக்கு. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. ‘சிறுமியின் பெயரைப் போடவில்லையே’ என்று நிருபர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் அதே செய்தியில் ‘மகளிடம் அத்துமீறிய தந்தை கைது’ என்று தந்தையின் பெயரும் கிராமமும் இருக்கும். அதற்குப் பிறகு மறைக்க என்ன மிச்சம்? சின்ன கிராமத்தில் ‘பிளஸ் 1 மாணவி’ என்று எழுதினாலே போதும், அங்கே பிளஸ் 1 படிப்பது ஒரே பெண்ணாக இருக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருந்தால் அவர் பெயரையும் கிராமத்தையும் விட்டுவிட்டு, எந்த மகளிர் காவல் நிலையம் என்பதோடு நிறுத்துவதே சரி.

வயதுவந்த பெண்கள் பாதிக்கப்பட்ட பாலியல் வன்கொடுமை வழக்குகளில் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்க முன்பு இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 228-ஏ இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் பெயரை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு சின்னக் குறிப்பு: 2016-இல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி எஃப்.ஐ.ஆர்.களைக் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமானவை தவிர. தேடிய எஃப்.ஐ.ஆர். அங்கே இல்லை என்றால், பெயரைப் போடுவதற்கு முன் ஒரு முறை யோசிக்க அதுவே அறிகுறி.

கைதானவரைத் தலைப்பிலேயே ‘கொலையாளி’ என்று எழுதுவதை என்னால் எந்த அவசரத்தை வைத்தும் நியாயப்படுத்த முடியாது. ‘கொலை வழக்கில் கைது’ என்று எழுத இரண்டு சொல்தான் கூடுதல். அன்றைக்குக் கைது செய்தியை அனுப்பும் போலீஸ், நான்கைந்து வருடம் கழித்து அதே ஆள் விடுதலையானால் குறிப்பு அனுப்பாது. அதைத் தேடிப் போட வேண்டியவர் நிருபர். பெயர் போட்ட ஒவ்வொரு கைது செய்திக்கும் குற்ற எண், வருடம், காவல் நிலையம் மூன்றையும் டைரியில் எழுதி வையுங்கள். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொடுத்தே வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். மாதம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். விடுதலைச் செய்தி, கைது செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் வர வேண்டும்.

பெயர் தவறாக வந்துவிட்டால் வாசகர் என்ன செய்வது? நிருபருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதோடு பெரும்பாலோர் ஓய்ந்துவிடுகிறார்கள். முதலில் அந்தப் பக்கத்தை முழுசாக எடுத்து வையுங்கள். செய்தித் துண்டை மட்டும் வெட்டாதீர்கள். தேதி, பக்க எண், எந்தப் பதிப்பு என்பது தெரிய வேண்டும். திருச்சிப் பதிப்பில் வந்தது மதுரைப் பதிப்பில் இருக்காது. பேப்பரின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரும் முகவரியும் இருக்கும். அந்த ஆசிரியருக்கு, எந்த வரி தவறு, எது சரி, அதற்கு என்ன ஆதாரம் என்று ஒரே பக்கத்தில் எழுதி போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். இ-பேப்பரிலும் இணையதளத்திலும் திருத்த வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். அச்சில் திருத்தம் வந்தாலும் இணையத்தில் பழைய செய்தி அப்படியே கிடக்கும்.

பதில் இல்லையென்றால், பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் இந்தியப் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும், இதே விஷயத்தில் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழியையும் இணைக்க வேண்டும். கவுன்சிலால் அபராதம் போட முடியாது, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். டி.வி. செய்தி அதன் வரம்பில் வராது. ஆசிரியரின் பதிலுக்காகக் காத்திருந்தே இரண்டு மாதத்தைக் கோட்டை விட்டவர்கள் நிறைய. முதல் கடிதத்தைச் செய்தி வந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.