கீலேஷன்: கவ்வும் கொடுக்கும் கழுவும் மருந்தும்

உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் வேதிப்பிணைப்புக்கு ஆங்கிலத்தில் chelation என்று பெயர். எழுத்தைப் பார்த்து அதை 'செலேஷன்' என்று வாசிப்பவர்கள் பலர். சரியான ஒலி 'கீலேஷன்'. வேர், கிரேக்கத்தின் 'கேலே': நண்டும் தேளும் இரையைக் கவ்வும் முன்கால். துலா ராசி விண்மீன்களைப் பழைய கிரேக்கர்கள் தேளின் 'கேலே'க்கள் என்றே அழைத்தார்கள். நம் கணக்கில் அங்கே இருப்பது விசாகம். அந்தச் சொல்லுக்கும் கவையாகப் பிரிந்தது என்றுதான் பொருள்.

வேதியியலுக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர்கள் மார்கன், ட்ரூ என்ற இரு பிரிட்டிஷ் வேதியியலாளர்கள். ஆண்டு 1920. ஒரே மூலக்கூறு இரண்டு இடங்களில் உலோக அணுவைப் பிடித்து வளையமாக மூடிக்கொள்வதற்கு அவர்கள் சொன்ன உவமை, சிங்கி இறாலின் பெரிய கொடுக்கு. தமிழ் வாசகருக்கு இந்த உவமை பொருந்தாது. நம் கடலோரத்தில் வலையில் ஏறும் சிங்கி இறாலுக்குக் கவ்வும் கொடுக்கே கிடையாது. நண்டைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் வழங்கும் கலைச்சொல் 'கொடுக்கிணைப்பு'. நல்ல சொல்தான், ஒரு சிக்கலோடு. நண்டுக்குக் கொடுக்கு என்றால் கவ்வும் கால், தேளுக்குக் கொடுக்கு என்றால் கொட்டும் வால். கீலேஷனில் கொட்டுவது எதுவும் இல்லை. நோயாளியிடம் விளக்கும்போது 'இடுக்கிப் பிடி' என்றால் உடனே புரிகிறது, அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும் அதே இடுக்கி. எழுத்தில் கொடுக்கிணைப்பே நிற்கட்டும். பிடிக்கும் மருந்து கொடுக்கிணைப்பி, சிகிச்சை கொடுக்கிணைப்பு மருத்துவம்.

'நச்சு நீக்கம்', 'இரத்தச் சுத்திகரிப்பு' என்றெல்லாம் பெயர்ப்பதுதான் தவறு. கொடுக்கு பிடிக்கும், அவ்வளவே. உரக்கடையில் விற்கும் 'சீலேட்டட் ஜிங்க்', ஈ.டி.டி.ஏ. (EDTA) என்ற கொடுக்கிணைப்பி மூலக்கூறு துத்தநாகத்தைப் பிடித்து வைத்திருப்பது. அங்கே உலோகத்தைப் பயிருக்குள் கொண்டுபோவதே அதன் வேலை. குருதியின் ஹீமோகுளோபினில் இரும்பும் இலைப் பச்சையத்தில் மக்னீசியமும் கொடுக்கிணைப்பில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஈ.டி.டி.ஏ.வுக்கு ஆறு முனைகள்: இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். கவ்வினால் எல்லா உலோகத்தையும் ஒரே பலத்தோடு கவ்வுவதில்லை. பிடியின் பலத்தைக் காட்டும் பிணைப்பு மாறிலியின் மடக்கை (எண் ஒன்று கூடினால் பலம் பத்து மடங்கு) கால்சியத்துக்குச் சுமார் 10.7, துத்தநாகத்துக்கு 16.5, ஈயத்துக்கு 18. அதாவது கால்சியத்தைவிட ஈயத்தின் மேல் கோடி மடங்குக்கும் மேலான பிடி. ஆகவே கால்சியத்தை ஏற்கெனவே கவ்வியிருக்கும் கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ.வை ஏற்றினால், அது கால்சியத்தை விட்டுவிட்டு ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறங்கும். கூடவே துத்தநாகமும் போகும்.

பெயரில் 'கால்சியம்' இல்லாத டைசோடியம் ஈ.டி.டி.ஏ. வேறு மருந்து. வெறுங்கொடுக்கு. குருதியில் இறங்கியதும் எதிரே மிகுதியாக இருக்கும் கால்சியத்தைத்தான் பிடிக்கும், இதயம் நின்றுபோகக்கூடும். அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையில் இப்படி மூன்று பேர் இறந்தார்கள், இருவர் குழந்தைகள். குப்பியில் ஒட்டிய பெயர்ச்சீட்டில் ஒரு சொல் குறைந்ததன் விலை அது. மருந்துச்சீட்டில் 'ஈ.டி.டி.ஏ.' என்று சுருக்கி எழுதவே கூடாது.

ஈய நஞ்சில் நடைமுறை இது. குழந்தையின் சிரை இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கொடுக்கிணைப்பி. விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டை நம்பித் தொடங்கக் கூடாது, தோலில் ஒட்டிய ஈயத் தூசி கணக்கைக் கூட்டிக் காட்டும். மூளை பாதிப்பின் அறிகுறி இல்லாவிட்டால் வாய்வழி சக்சிமர்: கிலோவுக்கு 10 மில்லிகிராம், முதல் 5 நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்த 14 நாள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அழுகிய முட்டை வாடை வரும், பிள்ளைகள் துப்புவார்கள். வெள்ளணுவும் கல்லீரல் நொதிகளும் கவனிக்கப்பட வேண்டும்.

70ஐத் தாண்டினாலோ வலிப்பு, மயக்கம் என்று மூளை தொட்டிருந்தாலோ இரண்டு மருந்துகள், அதுவும் வரிசை மாறாமல். முதலில் டைமெர்காப்ரால், உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம், ஆழத் தசையில், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் ஊசி போட்டு 4 மணி நேரம் கழித்து, சிறுநீர் இறங்குவதை உறுதி செய்துகொண்டு, கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ., நாளைக்குச் சதுர மீட்டருக்கு 1,500 மில்லிகிராம் வரை, மெதுவாக. 5 நாளுக்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் சிறுநீரகம் கெடும். ஈ.டி.டி.ஏ.வை முதலில் கொடுத்தால் இடம்பெயரும் ஈயம் மூளைக்குப் போகக்கூடும். அதனால்தான் வரிசை.

டைமெர்காப்ரால் இரண்டாம் உலகப் போரின்போது ஆக்ஸ்ஃபோர்டில், லூயிசைட் என்ற ஆர்சனிக் போர்நஞ்சுக்கு முறிவாகப் பிறந்தது. கடலை எண்ணெயில் கரைத்துக் கொடுப்பதால் கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது. அதோடு சேர்த்து இரும்புச்சத்து மருந்தும் கொடுக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்து உண்டாகும் பிணைப்பே நஞ்சு. மெத்தில் பாதரசத்துக்கு இந்த ஊசியே கூடாது, மூளையில் பாதரசத்தைக் கூட்டும்.

பெரியவர் உடம்பில் ஈயத்தின் 90 விழுக்காட்டுக்கும் மேல் எலும்பில் கிடக்கிறது. மருந்து குருதியைக் காலி செய்ததும் எலும்பு மறுபடி நிரப்பும். எனவே ஒரு சுற்று முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபரிசோதனை கட்டாயம். ஏறியிருந்தால் அது மருந்தின் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. எலும்பின் கசிவாக இருக்கலாம், வீட்டில் ஈயம் வரும் மூலம் அப்படியே இருப்பதாகவும் இருக்கலாம்: உதிரும் பழைய பெயிண்ட், பேட்டரி உடைக்கும் வேலையில் துணியோடு வரும் தூசி, ஈயம் சேர்ந்த சுர்மா என்ற கண்மை, பற்பம், செந்தூரம். மூலத்தை எடுக்காமல் மருந்தை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான்.

இரும்புக்கு வேறு கொடுக்கு. தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகையில் இரத்தம் ஏற்ற ஏற்றச் சேரும் இரும்பை டெஸ்ஃபெரியாக்சமின், டெஃபெராசிராக்ஸ், டெஃபெரிப்ரோன் இழுக்கின்றன. உடம்பில் தாமிரம் சேரும் வில்சன் நோய்க்குப் பெனிசிலமின், 1956 முதல்.

இதய அடைப்பைக் கரைக்கும் என்று விற்கப்படும் ஈ.டி.டி.ஏ. சொட்டு வேறு கதை. முந்தைய மாரடைப்பும் நீரிழிவும் உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. குருதி ஈயம் நன்றாகக் குறைந்தது, ஆனால் இதய நிகழ்வுகள் குறையவில்லை. ஆட்டிசத்துக்கும் 'உடல் சுத்தத்துக்கும்' விற்பவர்கள் காட்டும் சிறுநீர் அறிக்கையில் ஒரு சூழ்ச்சி உண்டு. முதலில் கொடுக்கிணைப்பியைக் கொடுத்து, பிறகு சிறுநீர் பிடித்து, மருந்தே எடுக்காதவர்களின் அளவோடு அதை ஒப்பிடுவார்கள். அந்தச் சோதனையில் யார் சிறுநீரைக் கொடுத்தாலும் உலோகம் கூடுதலாகத்தான் வரும்.