ஐந்து மில்லிமீட்டர் தகராறு

நான்கு சக்கர இழுவை உள்ள மஹிந்திரா தார் வண்டியின் டயரில் 255/65 ஆர்18 என்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டயரின் அகலம் 255 மி.மீ.; அதில் 65 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம்; உள்ளே 18 அங்குல ரிம். கூட்டிப் பார்த்தால் டயரின் விட்டம் சுமார் 789 மி.மீ. வரும். ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 404 சுற்று.

காசு கையைக் கடிக்கிறது என்று முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போடுகிறோம். புதியதில் ரப்பர்ப் பள்ளத்தின் ஆழம் 8 மி.மீ., பின்னால் இருக்கும் பழையதில் 3 மி.மீ. என்று வையுங்கள். வித்தியாசம் ஐந்தே மில்லிமீட்டர். ஆனால் மேலும் கீழுமாக விட்டத்தில் பத்து குறைகிறது. பழைய டயர் அதே கிலோமீட்டருக்கு 409 சுற்று சுற்றியாக வேண்டும். இன்ஜின் விசையை அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டுதான் ஷாஃப்ட். அது நான்கு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்ற கணக்கில் அச்சின் பல்சக்கரம் இருந்தால், பின் ஷாஃப்ட் முன் ஷாஃப்ட்டைவிடக் கிலோமீட்டருக்கு இருபது சுற்று அதிகம் சுழலப் பார்க்கும்.

பின் சக்கரம் மட்டும் இழுக்கும்போது இதனால் ஒன்றும் ஆகாது. முன் சக்கரங்கள் சும்மா உருளுகின்றன, அவ்வளவுதான். லீவரை 4எச்-க்கு, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலைக்குத் தள்ளும்போதுதான் தகராறு. இந்த வகை வண்டிகளில், விசையை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்தில் சுழலும்படி கட்டிப்போட்டுவிடும். அந்த இருபது சுற்று எங்கே போகும்? சேற்றிலும் மணலிலும் டயர் லேசாக வழுக்கி அதைக் கரைத்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் ரப்பர் விட்டுக்கொடுக்காது. ஈரத் துணியைப் பிழிவதுபோல ஷாஃப்ட்டும் பல்சக்கரங்களும் முறுக்கேறும். தாங்க முடியாதபோது ஏதாவது ஒரு டயர் சறுக்கும், முறுக்கு விடும், மறுபடி ஏறும். ஸ்டியரிங் கனக்கும், லீவர் 2எச்-க்கு (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) திரும்பாமல் அடம்பிடிக்கும். கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் முறுக்கு இறங்கிவிடும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போவதால், நான்கும் ஒரே அளவாக இருந்தாலும் தார் ரோட்டில் 4எச் கூடாதுதான். டயர் அளவு மாறினால் நேர் ரோட்டிலேயே அந்த வம்பு.

அப்புறம், இடது வலது வித்தியாசம். மாட்டுவண்டியில் அச்சு சுழலாது, சக்கரங்கள் தனித்தனியாக உருளும். திரும்புவதில் சிக்கலே இல்லை. மோட்டார் வண்டியில் அந்தச் சுதந்திரத்தைத் தருவது அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி. ஒரே ஒரு டயர் மட்டும் அளவு மாறினால் டிஃபரன்ஷியல் இடது வலது இரண்டின் சராசரி வேகத்தை ஷாஃப்ட்டுக்குச் சொல்லும்; ஆகவே முறுக்கு பாதியாகும். பதிலுக்கு, வளைவில் மட்டும் உழைக்க வேண்டிய அதன் குட்டிப் பல்சக்கரங்கள் நேர் ரோட்டிலும் ஓயாமல் சுழலும்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியலோ கிளட்சோ இருக்கும். முறுக்கு ஏறாது, ஆனால் சூடேறும். சிலவற்றில் தகடுகளுக்கு நடுவே கெட்டியான சிலிக்கோன் திரவம். தகடுகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் அது சூடேறிக் கெடும். இதனால்தான் சுபாரு நிறுவனம் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. தேய்மானத்தில் சொன்னால் ஒரு மில்லிமீட்டர்! அமெரிக்காவில் புது டயரைப் பழையதின் அளவுக்குச் செதுக்கித் தரும் கடைகளே உண்டு. வாங்கிய ரப்பரைச் சீவி எறிவது கேட்கவே வயிற்றெரிச்சல்தான், ஆனால் கியர்பாக்ஸ் செலவை நினைத்தால் நியாயம்.

சரி, நாலு சக்கர இழுவை டிராக்டரில் முன் டயர் சிறியது, பின் டயர் பெரியது. அது எப்படி ஓடுகிறது? அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கணக்கிட்டு முன் அச்சின் பல்சக்கரத்தை அமைத்திருக்கிறார்கள். வண்டியை முன்புறமும் இழுக்கட்டும் என்று முன் சக்கரத்தைச் சில விழுக்காடு வேகமாகவே சுழல விடுவார்கள். அளவு வேறாக இருப்பது குற்றமில்லை, கணக்கு தப்புவதுதான் குற்றம். டிராக்டரில் கண்டபடி பின் டயரை மாற்றினாலும் இதே கதை.

எண் ஒன்றாக இருப்பதை நம்பிவிடாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி உண்மை அளவு சில மில்லிமீட்டர் மாறும். டயரைச் சுற்றி டேப் பிடித்து அளந்து பார்ப்பதே மேல். முக்கியமாக, பின்கதவில் வருடக்கணக்கில் தரையே பார்க்காமல் தொங்கும் ஸ்டெப்னியை. மற்ற நான்கும் தேய்ந்திருக்க, அது புது மாப்பிள்ளைபோல இருக்கும். பஞ்சரில் அதை மாட்டினால், வீடு வந்து சேரும்வரை லீவர் 2எச்-லேயே இருக்கட்டும்.